அத்தைக்கு 60 சதவீதம், எனக்கு 4 கிரெடிட்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தப் பாடத்தை நான் சமூக அக்கறையால் எடுக்கவில்லை. இதை எடுத்தால் வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பு இருக்காது, சீக்கிரம் ஊருக்கு பஸ் பிடிக்கலாம். அதனால் எடுத்தேன். போன வருஷம் எடுத்த சீனியர் வேறு உறுதி கொடுத்திருந்தார். "ரொம்ப ஈஸிடா. பாவம், தன்னம்பிக்கை, சமுதாயம்னு நாலு பக்கம் எழுது. ஏ கிரேடு நிச்சயம்."

பாடத்தின் பெயர் டிஸெபிலிட்டி ஸ்டடீஸ். தமிழில் மாற்றுத்திறனாளர் ஆய்வியல் என்று வைத்துக்கொள்ளலாம். எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிற எங்களுக்கு இது விருப்பப் பாடம், 4 கிரெடிட். செமஸ்டர் முடிந்து ரிசல்ட்டும் வந்தாயிற்று. சீனியர் சொன்ன கிரேடு வரவில்லை, பி பிளஸ்தான். அதைப் பற்றிப் புலம்ப இதை எழுதவில்லை :-) அந்த வகுப்பில் கேட்ட சில விஷயங்கள் என் குடும்பக் கதை ஒன்றையே மாற்றிப் போட்டுவிட்டன. அதைச் சொல்ல வேண்டும். கூடவே, இந்தப் பாடத்தை யார் படிக்க வேண்டுமோ அவர்கள் யாரும் படிப்பதில்லை என்கிற என் குறையையும் சொல்ல வேண்டும்.

முதல் வகுப்பில் மேடம் ஒரு கற்பனை ஊரைப் பற்றிச் சொன்னார். விக் ஃபிங்கெல்ஸ்டீன் என்பவர் 1970களில் எழுதியது. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சியை எதிர்த்துச் சிறைக்குப் போய், பிறகு இங்கிலாந்தில் குடியேறியவர். அவரே சக்கர நாற்காலியில்தான் இருந்தார். அவருடைய கதையில் வரும் ஊரில் எல்லோருமே சக்கர நாற்காலிக்காரர்கள். நிற்கப் போகிறவர் யாரும் இல்லாததால் கூரையையும் நிலைவாசலையும் தாழ்வாகக் கட்டிக்கொள்கிறார்கள். அந்த ஊருக்கு நடக்கத் தெரிந்த சிலர் குடிவருகிறார்கள். போகிற இடமெல்லாம் தலையில் இடிக்கிறது. நெற்றியெல்லாம் காயம். ஊர் டாக்டர்கள் அவர்களைச் சோதித்துப் பார்த்து, உயரம் ஒரு குறைபாடு என்று முடிவு செய்து, தலைக்கவசம் கொடுக்கிறார்கள். வேலை கிடைப்பதில்லை. அவர்களுக்காக உண்டியல் குலுக்குகிறார்கள். நிலைவாசலை உயர்த்தினால் என்ன என்று மட்டும் ஊர்க்காரர்களுக்குத் தோன்றவில்லை.

வகுப்பில் எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

உடலில் இருப்பது ஒன்று, அந்த உடலைக் கணக்கில் எடுக்காமல் கட்டப்பட்ட ஊர் வேறொன்று, முடக்குவது பெரும்பாலும் இரண்டாவதுதான் என்பது இதன் சாரம். ஃபிங்கெல்ஸ்டீனும் பால் ஹண்ட்டும் இருந்த இங்கிலாந்து சங்கம் ஒன்று 1976-ல் இதைக் கொள்கையாக வெளியிட்டது. 1983-ல் மைக் ஆலிவர் இதற்கு 'சமூக மாதிரி' என்று பெயர் வைத்தார். மூன்று பேருமே மாற்றுத்திறனாளிகள். டாக்டர்களோ தர்ம ஸ்தாபனங்களோ யோசித்துக் கொடுத்த கொள்கை இல்லை இது.

இங்கிலாந்துக் கதை நமக்கெதற்கு என்று கேட்பவர்கள் மெரினாவுக்கு வாருங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அங்கே கடல் என்பது ரோட்டிலிருந்து தெரியும் ஒரு நீலக் கோடாகத்தான் இருந்தது. மணலில் சக்கரம் உருளாது. 2022 நவம்பர் 27 அன்று அங்கே நிரந்தர மரப்பாதை திறந்தார்கள். வாழ்க்கையில் முதல் முறை அலை பக்கத்தில் போனவர்களின் படங்களைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். சரியாக இரண்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்து பாதையின் ஒரு பகுதியை உடைத்துப் போட்டது. பிறகு சரிசெய்தார்கள். இதில் யாருடைய காலாவது மாறியதா? நவம்பரில் கடலுக்குப் போக முடிந்தவர் டிசம்பரில் போக முடியாதவர் ஆனார். பலகை இருந்தது, பலகை போனது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதுவரைக்கும் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. பிரச்சினை மூன்றாவது வாரம் வந்தது.

அன்றைக்குச் செயல்முறை வகுப்பு. கண்ணில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு, கையில் குச்சியோடு, வகுப்பிலிருந்து கேன்டீன் வரை போய்வர வேண்டும். மேடம் ஊரில் இல்லாததால் வேறொருவர் நடத்தினார். நான் ஒரு தூணில் மோதினேன், ஒரு பெண்ணின் காலை மிதித்தேன், பாதியிலேயே துணியை அவிழ்த்துவிட்டேன். திரும்பி வந்ததும் ஒவ்வொருவராக அனுபவம் சொன்னோம். "பயமாக இருந்தது." "கடவுள் எனக்குக் கண் கொடுத்ததற்கு நன்றி சொன்னேன்." "இவர்கள் எப்படித்தான் வாழ்கிறார்களோ!" ஒரு தோழி அழுதேவிட்டாள்.

எங்கள் வகுப்பில் பார்வையற்ற நண்பர் ஒருவர் உண்டு. எல்லோரும் பேசி முடித்த பிறகு அவர் சொன்னார்:

"நீங்க எல்லாரும் பார்வை போன முதல் பத்து நிமிஷத்தைப் பார்த்துட்டு வந்திருக்கீங்க. நான் பொறந்ததுலேர்ந்து இப்படித்தான். கேன்டீனுக்கு எனக்கு ரெண்டு நிமிஷம். வழியில யாராவது பைக்கைக் குறுக்கே நிறுத்தினா அஞ்சு நிமிஷம். நீங்க பயந்ததை வச்சு என்னைப் புரிஞ்சுக்கிட்டேன்னு நினைச்சா, அது எனக்குத்தான் பயம்."

வகுப்பே அமைதியாகிவிட்டது. அவர் சொன்னது வெறும் கோபம் இல்லை என்று பிறகு தெரிந்தது. அமெரிக்காவில் மிஷெல் நாரியோ-ரெட்மாண்ட் என்ற உளவியலாளரும் குழுவினரும் 2017-ல் இந்த மாதிரிப் பயிற்சிகளை ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். பயிற்சி முடிந்தவர்களுக்கு இரக்கம் கூடுகிறது, கூடவே தனக்கும் இப்படி ஆகிவிடுமோ என்ற பயமும் இயலாமை உணர்வும் கூடுகிறது. ஆனால் மாற்றுத்திறனாளிகளோடு பழக வேண்டும் என்ற எண்ணம் கூடவில்லை. ஆக, அன்று நாங்கள் அழுதது எங்களுக்காகத்தான்.

அந்த நண்பரோடு அதற்குப் பிறகுதான் பேச ஆரம்பித்தேன். (மூன்று வாரம் ஒரே வகுப்பில் இருந்தும் பேசவில்லை. என்ன பேசுவது என்று தெரியாத தயக்கம். இதையும் ஒப்புக்கொள்கிறேன்.) பாடத்துக்கான கட்டுரைகளை எப்படிப் படிக்கிறீர்கள் என்று கேட்டேன். "எங்க படிக்கிறது?" என்றார்.

அவர் என்.வி.டி.ஏ. என்கிற மென்பொருள் வைத்திருக்கிறார். திரையில் உள்ள எழுத்தை வாசித்துக் காட்டும். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் 2006-ல் தொடங்கியது, இலவசம், தமிழும் வாசிக்கும். ஆனால் எங்களுக்குக் கொடுத்த பி.டி.எஃப். எல்லாம் புத்தகத்தைப் போட்டோ எடுத்தவை. மென்பொருளுக்கு அது வெறும் படம், அதில் எழுத்தே கிடையாது. தமிழில் கொடுத்த குறிப்புகள் இன்னும் மோசம். டைப் செய்தவர் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார். நம் கண்ணுக்கு அழகான தமிழ். உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும். நண்பர் ஹெட்போனை என் காதில் வைத்தார். ஒரு ரோபோ தூக்கத்தில் உளறுவது போல இருந்தது.

மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய பாடம். அதன் பாடக்குறிப்பை வகுப்பில் இருக்கிற மாற்றுத்திறனாளி படிக்க முடியாது. இதற்கு யாரும் கெட்டவர்கள் இல்லை. டைப் செய்தவருக்கு யூனிகோடில் அடித்தால் என்ன வித்தியாசம் என்று யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். நாங்கள் நாலு பேர் சேர்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாக் குறிப்பையும் யூனிகோடுக்கு மாற்றினோம். கண்ணைக் கட்டிக்கொண்டு கேன்டீன் போன அந்த ஒரு மணி நேரத்தை இதற்குச் செலவழித்திருந்தால் பாதி வேலை அன்றே முடிந்திருக்கும்.

அடுத்து வந்த பாடம் பாராட்டைப் பற்றியது. ஸ்டெல்லா யங் என்ற ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர், சக்கர நாற்காலியில் இருந்தவர், 2014-ல் ஒரு மேடையில் பேசினார். அதே வருஷக் கடைசியில் இறந்துவிட்டார். அவர் பேச்சின் சாரம்: மாற்றுத்திறனாளி காலையில் எழுந்து வேலைக்குப் போனாலே அதைச் சாதனை என்று கைதட்டுவது, மற்றவர்கள் தங்கள் நிலைமை பரவாயில்லை என்று ஆறுதல் அடைவதற்காகத்தான். நம் சினிமாவை யோசித்துப் பாருங்கள். 'காசி' (2001), 'மொழி' (2007) போன்றவை மரியாதையோடு எடுத்த படங்கள்தான். ஆனாலும் அந்தப் பாத்திரங்கள் நம்மை அழ வைக்கிறார்கள், இல்லையென்றால் நல்லவர்களாக்குகிறார்கள். ரேஷன் கடையில் வரிசையில் நின்று சண்டை போடும் சாதாரண மாற்றுத்திறனாளியைத் தமிழ்ப் படத்தில் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

வேலூர் சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்ற டாக்டர் இருந்தார். 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னாளில் அங்கே மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கி நடத்தினார். 1972-ல் பத்மஸ்ரீ. பள்ளிக்கூடத்தில் இதைத் 'தன்னம்பிக்கை' என்ற தலைப்பில் சொல்வார்கள். தன்னம்பிக்கை நிச்சயம் உண்டு. ஆனால் உட்கார்ந்துகொண்டே செய்யக்கூடிய அறுவை சிகிச்சை எது என்று யோசித்து, கை அறுவை சிகிச்சையை அவருக்குக் காட்டிய பால் பிராண்ட் என்ற சக டாக்டரும், அதற்கு இடம் கொடுத்த மருத்துவமனையும் அந்தக் கதையில் இருக்கிறார்கள். கதை சொல்லும்போது அவர்களை விட்டுவிடுகிறோம். விட்டுவிட்டால் நமக்கு வேலை மிச்சம், கைதட்டிவிட்டுப் போகலாம்.

இதெல்லாம் படித்து, தலையாட்டி, குறிப்பெடுத்த பிறகும், அடுத்த அசைன்மென்ட்டுக்கு நான் என்ன திட்டம் போட்டேன் தெரியுமா? மாற்றுத்திறனாளி ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை அவர் வாயால் கேட்டு எழுத வேண்டும். எனக்கு அத்தை இருக்கிறாள், அப்பாவின் தங்கை. தலைப்புகூட முடிவு செய்துவிட்டேன். 'காலிப்பருடன் ஒரு நம்பிக்கைப் பயணம்.' சிரிக்காதீர்கள்.

அத்தைக்கு இரண்டு வயதில் போலியோ. வலது காலில் காலிப்பர். இப்போது 58 வயது. கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன ஊர். 1990களில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை கொடுத்து எஸ்.டி.டி. பூத் ஒதுக்குவார்கள், ஞாபகம் இருக்கிறதா? அப்படிக் கிடைத்த மஞ்சள் போர்டு பூத்தை வைத்து என் அப்பாவின் கடனைக்கூட அடைத்திருக்கிறாள். எல்லோர் கையிலும் செல்போன் வந்ததும் பூத் படுத்துவிட்டது. இப்போது அதே இடத்தில் ஜெராக்ஸ் கடை.

எங்கள் வீட்டில் அத்தையைப் பற்றி ஒரு கதை உண்டு. "நல்லா படிப்பா. காலேஜ் கூடச் சேர்ந்தா. கால் முடியல, அதான் ஒரு வருஷத்துல நின்னுட்டா." பிறந்ததிலிருந்து இதைக் கேட்டிருக்கிறேன். தாத்தா சொன்னார், அப்பா சொன்னார், நானும் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை கடையிலேயே உட்கார்ந்து கேட்டேன். "கால் முடியாததால படிப்பை விட்டப்போ உங்களுக்கு எப்படி இருந்தது அத்தை?"

அத்தை ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"யாரு சொன்னா கால்னு? எழுதிக்கிறியா? சரி, எழுதிக்க. கால்னால நான் நிக்கல. மூத்திரத்தால நின்னேன்."

1985. பி.ஏ. வகுப்பு மாடியில். 22 படி. கம்பியைப் பிடித்துக்கொண்டு காலையில் ஏறினால் சாயந்திரம்தான் இறங்குவாள். அதில் அத்தைக்குக் கஷ்டம் இருந்தது, ஆனால் முடிந்தது. கழிப்பறை கீழே, மைதானம் தாண்டி, கடைசியில். அதுவும் குத்துக்கால் போட்டு உட்காருகிற மாதிரி. காலிப்பரோடு உட்கார முடியாது, கழற்றினால் நிற்க முடியாது. அதனால் காலை ஏழு மணியிலிருந்து சாயந்திரம் ஐந்து மணிவரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள். சித்திரை வெயிலிலும்.

"மூணு தடவை காய்ச்சல். அடிவயிறு எரியும். டாக்டர் மாத்திரை குடுத்துட்டு, நிறைய தண்ணி குடிம்மான்னார். குடிச்சா எங்க போவேன்னு அவரும் கேக்கல, உங்க தாத்தாவும் கேக்கல. நானும் சொல்லல. ஆம்பளைங்ககிட்ட அதை எப்படிடா சொல்றது? மூணாவது தடவை காய்ச்சல் வந்தப்போ, உடம்பு தாங்காது, படிச்சது போதும்னுட்டார் உங்க தாத்தா. பாசத்துலதான் சொன்னார். நான் ஒண்ணும் பேசல."

நாற்பது வருஷம். என் அப்பாவுக்கும் இது தெரியாது. ஒரு கழிப்பறையை மறைத்துவிட்டு, ஒரு காலின் மேல் பழியைப் போட்டு, நாங்கள் குடும்பமாக அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். போலியோவால் பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே டெல்லியில் பேராசிரியராக இருந்தவர் அனிதா கய். 2024-ல் மறைந்தார். இந்தியாவில் மாற்றுத்திறனாளிப் பெண்ணாக இருப்பது வெறும் கூட்டல் கணக்கு இல்லை, தனி அனுபவம் என்று தொடர்ந்து எழுதியவர். பாடத்தில் அவர் எழுத்தைப் படித்தபோது பரீட்சைக்கு வரும் என்று அடிக்கோடு போட்டேன். அது என்ன அனுபவம் என்று அத்தை கடையில்தான் புரிந்தது.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. சமூக மாதிரிக்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்! ஃபிங்கெல்ஸ்டீன் ஊர்க் கதையை அத்தையிடம் சொன்னேன். உடம்பில் குறை இல்லை, கட்டடத்தில்தான் குறை என்று முழங்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"உங்க மேடம் சொல்றது சரிதான். ஆனா இதையும் எழுதிக்க. ராத்திரி ரெண்டு மணிக்கு என் இடது கால் வலிக்குதே, நல்ல கால், அது அம்பது வருஷமா ரெண்டு கால் வேலையைப் பாத்த கால். அப்ப எந்தப் படிடா இருக்கு? எந்த பஸ் இருக்கு? அந்த வலி என்னுதுதானே?"

பதில் இல்லை. போலியோ வந்து பல வருஷம் கழித்துப் புதிதாகத் தசை பலவீனமும் வலியும் வருவதை மருத்துவத்தில் போலியோ பிந்தைய பாதிப்பு என்கிறார்கள். சமூக மாதிரியை ஏற்றுக்கொண்டவர்களே இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். லிஸ் க்ரோ என்ற பிரிட்டிஷ் கலைஞர் 1996-ல், வலியையும் களைப்பையும் பேசக்கூடாது என்றால் அது எங்கள் வாழ்க்கையில் பாதியை மறைப்பதாகும் என்கிற பொருளில் எழுதினார். அந்தக் கட்டுரை எங்கள் பாடத்திட்டத்தில் பதினோராவது வாரம் வருகிறது. அத்தை அதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

அடையாள அட்டை வாங்கப் போன கதையும் சொன்னாள். டாக்டர் குழு பார்த்துவிட்டு 60 சதவீதம் என்று எழுதியதாம். "மீதி 40 எங்க இருக்குன்னு கேட்டேன். அந்த டாக்டர் சின்னப் பையன், சிரிச்சுட்டான்." 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். அந்தச் சதவீதத்தில் கால் இருக்கிறது. கழிப்பறை இல்லை, மைதானம் இல்லை, 22 படி இல்லை. 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை மாற்றி அரசாங்கம் 'மாற்றுத்திறனாளி' என்று கொண்டு வந்ததைப் பற்றிக் கேட்டேன். "பேரு நல்லாத்தான் இருக்கு. பஸ் படியும் கொஞ்சம் மாறுனா நல்லா இருக்கும்" என்றாள். சென்னையில் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் வந்தன, அதுவும் மாற்றுத்திறனாளிகள் கோர்ட் படி ஏறிப் போராடிய பிறகு. அத்தை ஊருக்கு இன்னும் வரவில்லை.

கிளம்பும்போது கேட்டாள். "ஆமா, உங்க காலேஜுல எப்படி?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷமாக அங்கே இருக்கிறேன், தெரியவில்லை.

கடைசி அசைன்மென்ட்டை நானும் அந்தப் பார்வையற்ற நண்பரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து செய்தோம். ஒரு இஞ்ச் டேப், ஒரு நோட்டு. எங்கள் கட்டடத்தை அளந்தோம். நூலக வாசலில் நாலு படி, ஒவ்வொன்றும் 15 செ.மீ., மொத்தம் 60. சாய்தளம் ஒரு அடி ஏற 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி. அதாவது 60 செ.மீ. உயரத்துக்கு 7.2 மீட்டர். எங்கள் சாய்தளம் 2.4 மீட்டர். சக்கர நாற்காலியில் ஒருவர் தனியாக ஏறவே முடியாது. இறங்கினால் நேராக ரோட்டுக்குப் போய்விடுவார். வாட்ச்மேன் அண்ணன் அதில் பைக் ஏற்றுகிறார், அதற்குப் பிரமாதம். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை என்று நீல போர்டோடு ஒரு அறை தரைத்தளத்தில் இருக்கிறது. பூட்டியிருந்தது. சாவி அலுவலகத்தில். திறந்து பார்த்தால் துடைப்பம், பழைய விடைத்தாள் கட்டு, கால் உடைந்த நாற்காலி இரண்டு. கதவின் அகலம் 68 செ.மீ. இருக்க வேண்டியது 90.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி மாற்ற, விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருஷம் கொடுத்தது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில், இந்த அளவுகளை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாய அளவுகளை வகுக்கச் சொன்னது. அந்த வழக்கில் ஹைதராபாத் நல்சார் சட்டப் பல்கலைக்கழகம் ஓர் அறிக்கை கொடுத்தது. அதன் தலைப்பைத் தமிழில் 'எல்லோருக்குமான அளவுகளைத் தேடி' என்று சொல்லலாம். இஞ்ச் டேப்போடு நின்ற எனக்கு அந்தத் தலைப்பு ரொம்பப் பிடித்துப்போனது.

இப்போது என் குறை. எங்கள் வகுப்பில் 31 பேர். சமூகப் பணி, உளவியல், ஆங்கிலம், கொஞ்சம் பொருளாதாரம். எங்கள் வளாகத்தில் சிவில் இன்ஜினியரிங் உண்டு. பி.எட். உண்டு. கணினித் துறை உண்டு. அங்கிருந்து ஒருவர்கூட இல்லை. அவர்களுக்கு இது விருப்பப் பாடமாகக்கூடக் கொடுக்கப்படவில்லை. சாய்தளத்தை 2.4 மீட்டரில் வரையப் போகிறவர், பாமினியில் பாடக்குறிப்பு அடிக்கச் சொல்லப் போகிறவர், மாடியில் வகுப்பு போடப் போகிற பிரின்ஸிபால் எல்லோரும் அந்தப் பக்கம் படித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பக்கம் நாங்கள் 31 பேர் சமூக மாதிரிக்கும் மருத்துவ மாதிரிக்கும் உள்ள வேறுபாட்டைப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம். என்னைக் கேட்டால் இது விருப்பப் பாடமாக இருக்கவே கூடாது. முழு செமஸ்டர் வேண்டாம், எல்லாத் துறைக்கும் நாலு வாரம் போதும். துணியைக் கண்ணில் கட்டாமல் டேப்பைக் கையில் கொடுங்கள். பாடம் நடத்துவதில் மாற்றுத்திறனாளிகளே பாதிப் பேர் இருக்கட்டும். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க மசோதா நிறைவேற்றியது. ஊராட்சியில் முடிகிறதென்றால் வகுப்பறையில் முடியாதா?

இதை ஹாஸ்டலில் சொன்னபோது ஒரு நண்பன் கேட்டான். "நம்ம டிபார்ட்மென்ட்ல வீல்சேர்ல யாருமே இல்லையேடா? யாருக்காகக் கட்டறது?" கேட்டவன் கெட்டவன் இல்லை. போன வருஷம் கேட்டிருந்தால் நானே அதைத்தான் கேட்டிருப்பேன். 2011 கணக்கெடுப்புப்படி இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள். அவர்கள் எங்கே என்றால், நம் கட்டடத்துக்கு வெளியே இருக்கிறார்கள். 1986-ல் அத்தை நின்ற பிறகு அந்தக் கல்லூரியிலும் யாராவது இதையே சொல்லியிருப்பார்கள். காலிப்பர் போட்டவர்கள் யாரும் நம்மிடம் படிப்பதில்லை, அதனால் தேவையில்லை என்று. யாரும் இல்லாததால் கட்டவில்லை, கட்டாததால் யாரும் இல்லை. இந்த வட்டத்தை யாராவது ஓர் இடத்தில் வெட்டித்தானே ஆக வேண்டும்?

எங்கள் அறிக்கையை அலுவலகத்தில் கொடுத்தோம். 'ஆவன செய்யப்படும்' என்று பதில் வந்தது. சாய்தளம் அப்படியே இருக்கிறது. ஆனால் துடைப்பமும் விடைத்தாளும் இடம் மாறிவிட்டன. கழிப்பறையில் பூட்டு இல்லை.

இதை எழுதலாமா என்று அத்தையிடம் கேட்டேன். "பேரு போடாத, ஊரையும் சரியாப் போடாத. மூத்திரத்தை மட்டும் போடு" என்றாள். போட்டுவிட்டேன்.

கழிப்பறை திறந்த சேதியைப் பெருமையாகச் சொன்னேன். "வெஸ்டர்னா?" என்றாள். ஆமாம் என்றேன். "புடிச்சு எழுந்திரிக்கக் கம்பி இருக்கா?" இருக்கிற மாதிரிதான் ஞாபகம் என்றேன். "ஞாபகம் எதுக்கு? நாளைக்குப் போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். நான் கம்பி என்று நினைத்தது துண்டு மாட்டுகிற கம்பி. லேசாகப் பிடித்து இழுத்ததும் ஒரு பக்கம் கையோடு வந்துவிட்டது. இரண்டாவது மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.